நரம்பியல் உளவியல் பரிசோதனைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகுமுன்



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, ஒரு தாய் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு மருத்துவமனைச் சீட்டு. நாலாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு இரண்டு வருடமாக வலிப்பு மாத்திரை கொடுத்துவருகிறார். வலிப்பு நின்றுவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பது மனதில் தங்கவில்லை, எழுத உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறான் என்று டாக்டரிடம் சொன்னதற்கு, அவர் சீட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறார்: நியூரோசைக்காலஜிக்கல் இவாலுவேஷன். அந்தத் தாய் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "மண்டையில கரண்டு வச்சிருவாங்களோ மாமா?" இரண்டாவது கேள்வியை இன்னும் மெதுவாகக் கேட்டார். "பைத்தியம்னு எழுதிக் குடுத்துருவாங்களா?"

இந்த இரண்டு கேள்வியும் நம் மஹல்லாவில் பல வீடுகளில் இருக்கிறது. கேட்கக் கூச்சப்பட்டு, சீட்டை அலமாரியில் வைத்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இந்த இதழில் இதை விரிவாக எழுதுகிறோம்.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இதில் ஊசி இல்லை, கரண்டு இல்லை, மருந்து இல்லை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மருத்துவ உளவியலாளர் ஒருவர், எதிரே பிள்ளை. மரக்கட்டைகளைக் குழியில் பொருத்தச் சொல்வார்கள். படத்தைக் காட்டி என்ன குறைகிறது என்று கேட்பார்கள். சில எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள்; பிறகு அதையே கடைசியிலிருந்து சொல்லச் சொல்வார்கள். கதை சொல்லி, கொஞ்ச நேரம் வேறு வேலை கொடுத்துவிட்டு, அந்தக் கதையை மறுபடி கேட்பார்கள். கோடு போடுவது, எழுதுவது, வாசிப்பது, கணக்கு இவையும் உண்டு. தலையில் ஒயர் ஒட்டி எடுக்கும் இ.இ.ஜி. வேறு. அதிலும்கூட கரண்டு உள்ளே போவதில்லை, மூளையிலிருந்து வருவதை எந்திரம் பதிவு செய்கிறது, அவ்வளவுதான்.

ஸ்கேன் எடுத்தாகிவிட்டதே, பிறகு இது எதற்கு என்றும் கேட்கிறார்கள். வயற்காட்டு மோட்டாரைப் பிரித்துப் பார்ப்பது ஒன்று. வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வந்து விழுகிறது என்று நின்று பார்ப்பது வேறு. ஸ்கேன் மூளையின் உருவத்தைக் காட்டும. இந்தப் பரிசோதனை கவனம், ஞாபகம், பேச்சு, கைவேகம், யோசித்துத் திட்டமிடுவது ஆகியவை எப்படி நடக்கின்றன என்று பார்க்கிறது. வலிப்பு உள்ள பிள்ளைகள், தலையில் அடிபட்டவர்கள், மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தவர்கள், குறைமாதத்தில் பிறந்தவர்கள், காரணம் தெரியாமல் படிப்பில் பின்தங்குபவர்கள் ஆகியோரை டாக்டர்கள் இதற்கு அனுப்புவார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருமுன் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பையனை இதே பரிசோதனைக்கு வெளியூர் கூட்டிப் போக டிரஸ்ட் ஏற்பாடு செய்தது. பையனுக்கு ஒன்பது வயது. ஆஸ்பத்திரி என்றாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வான். அது குற்றாலம் சீசன் நேரம், ஊரெல்லாம் சாரல். "அருவிக்குப் போறோம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிரலாம், அங்க போனபிறகு பாத்துக்கிடலாம்" என்று வீட்டில் சொன்னார்கள். நாங்களும் சரி என்றோம். யோசனை அவர்களுடையது என்றாலும், வண்டியில் முன்சீட்டில் இருந்துகொண்டு "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று அவனிடம் சொன்னது நாங்கள்தான். துண்டும் மாற்றுச் சட்டையும் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. அழவில்லை. வாயை மூடிக்கொண்டான், அவ்வளவுதான். உள்ளே கூப்பிட்ட உளவியலாளர் அம்மா பொறுமைசாலி. ஒன்றரை மணி நேரம் முயன்று பார்த்தார். பெயரைக்கூடச் சொல்லவில்லை. பிள்ளை ஒத்துழைக்காததால் முடிவு சொல்ல இயலவில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

சரி, அடுத்த வாரம் மறுபடி வருகிறோம் என்றோம். அது அப்படிச் செய்யக்கூடியதில்லை என்று அன்றுதான் தெரிந்துகொண்டோம். சில பகுதிகளை ஆரம்பித்துவிட்டதால், அதே கட்டையையும் அதே படத்தையும் உடனே காட்டினால் பழகிய கை வேகமாகச் செய்யும். மதிப்பெண் உண்மையைச் சொல்லாது. சில மாதம் கழித்து வரச் சொன்னார்கள். அந்தச் சில மாதம் பள்ளியில் அவன் கடைசி பெஞ்சிலேயே இருந்தான். திரும்பி வரும்போது பாவூர்சத்திரம் தாண்டியபிறகு அவன் முதல் தடவையாக வாய் திறந்தான். "அப்ப அருவி இல்லையா மாமா?" என்றான். எங்களிடம் பதில் இல்லை. அதன்பிறகு ரொம்ப நாள் வரைக்கும் எங்களோடு வண்டியில் ஏற மாட்டான்.

ஆகவே முதல் காரியம், பிள்ளையிடம் உண்மையைச் சொல்வது. பொய் சொல்லி ஏமாற்றுவது மார்க்கத்தில் எப்படி என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கணக்கை விட்டுவிட்டாலும், இங்கே பொய் வேலைக்கே ஆகாது. இந்தப் பரிசோதனையின் கருவி பிள்ளையின் மனம்தான். அது மூடிக்கொண்டால் எல்லாம் மூடிக்கொண்டது.

எப்போது சொல்வது? நாலைந்து வயதுப் பிள்ளைக்கு முந்தின நாள் சொன்னால் போதும்; அதற்கு முன் சொன்னால் இரவெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஏழெட்டு வயதுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு சொல்லலாம். பெரிய பிள்ளைகளுக்கு ஒரு வாரமாவது முன்பு சொல்லவேண்டும், அவர்கள் கேள்வி கேட்கவும் இடம் தரவேண்டும். பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பிள்ளையிடம், "உனக்கு எது கஷ்டமா இருக்கு, நீ என்ன தெரிஞ்சுக்கணும்னு நெனைக்கிற?" என்று கேட்டுப் பாருங்கள். பெற்றோருக்கு இதுவரை தெரியாத ஒன்று வெளியே வரும்.

என்ன சொல்வது? நாங்கள் இப்போது வீடுகளில் சொல்லச் சொல்வது இப்படி: "எழுதும்போது உனக்குக் கை வலிக்குது, படிச்சது மறந்துபோகுதுன்னு சொல்றல்ல. அது ஏன்னு கண்டுபிடிக்க ஒரு மேடம் இருக்காங்க. ஊசி போட மாட்டாங்க. கட்டை வச்சு அடுக்கச் சொல்லுவாங்க, படம் காட்டுவாங்க, கேள்வி கேப்பாங்க. சிலது லேசா இருக்கும், சிலது யாருக்குமே வராது. வரலைன்னா தெரியலைன்னு சொல்லு. நான் வெளிய உக்காந்திருப்பேன்."

சிலது யாருக்குமே வராது என்பது சமாதானத்துக்குச் சொல்லும் வார்த்தை இல்லை. பெரும்பாலான பகுதிகள் சுலபத்தில் ஆரம்பித்துக் கடினமாகிக்கொண்டே போகும். பிள்ளை தொடர்ந்து சில கேள்விகளுக்குத் தடுமாறும்போதுதான் நிறுத்துவார்கள். அதாவது, வகுப்பில் முதலாவது வரும் பிள்ளையும் இதில் தடுமாறித்தான் முடிப்பான். இது தெரியாத பிள்ளை, கடைசியில் தோற்றுவிட்டோம் என்று எண்ணி அடுத்த பகுதிக்கு மனதில்லாமல் உட்காரும்.

சொல்லக்கூடாத வார்த்தைகளும் உண்டு. பரீட்சை, பாஸ், பெயில் என்று சொல்லாதீர்கள். "உனக்கு மூளை இருக்கான்னு பாக்கப் போறாங்க" என்பதை விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். நல்லாச் செய்தால் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்பதும் வேண்டாம். போய் உட்கார்ந்து வந்தாலே போதும், செய்ததற்குக் கூலி பேசாதீர்கள். வந்த பிறகு அருவிக்கு உண்மையிலேயே கூட்டிப் போனால் நல்லதுதான்.

பயிற்சி கொடுப்பது பற்றி ஒன்று சொல்லவேண்டும். வளைகுடாவில் இருக்கும் ஒரு வாப்பா, மகளுக்கு இப்படி ஒரு பரிசோதனை என்று கேள்விப்பட்டு, அறிவுத்திறன் சோதனை என்று யூடியூபில் கிடைத்த வீடியோக்களையெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பி, தினமும் ஒரு மணி நேரம் பழக்கச் சொல்லியிருக்கிறார். பாசம்தான். ஆனால் ரத்தம் எடுக்கப் போகும் முன் சர்க்கரை அளவை மறைக்க மாத்திரை போட்டுப் போவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. உள்ளதைக் கண்டுபிடிக்கத்தான் போகிறோம். பழக்கி வைத்த பிள்ளைக்கு மதிப்பெண் கூடி வந்தால், கிடைக்கவேண்டிய உதவி கிடைக்காமல் போகும். இதற்கு நேர்மாறாக, சான்றிதழ் வாங்குவதற்காகத் தெரிந்ததையும் தெரியாது என்று சொல்லச் சொல்லிக் கொடுத்த ஒரு வீடும் எங்களுக்குத் தெரியும். அது பொய்ச்சாட்சி. அதற்கு டிரஸ்ட் ஒருபோதும் துணை வராது.

இந்தச் சோதனைகள் எப்படி வந்தன என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையும். 1905-இல் பாரிஸில் பினே என்ற உளவியலாளர், சிமோன் என்ற மருத்துவரோடு சேர்ந்து முதல் சோதனையை உருவாக்கினார். வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளில் யாருக்குத் தனிக் கவனிப்புத் தேவை என்று கண்டறிவதுதான் நோக்கம். அதை நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி கன்னடத்திலும் மராத்தியிலும் மாற்றியமைத்தவர் காமத். பினே–காமத் சோதனை என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. நாக்பூரில் இருந்த மாலின் என்பவர் அமெரிக்கச் சோதனை ஒன்றை இந்தியப் பிள்ளைகளுக்கு மாற்றியமைத்தார். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கென்றே நரம்பியல் உளவியல் சோதனைத் தொகுப்பு ஒன்றை வைத்திருக்கிறது. பத்து மரவடிவங்களைப் பொருத்தும் செகுவின் பலகை இன்னும் பழையது. எழுத்தும் பேச்சும் இல்லாமலே அதைச் செய்துவிடலாம். உங்கள் பிள்ளைக்கு எதை வைப்பது என்று முடிவு செய்வது உளவியலாளர் வேலை.

அவர் எந்த மொழியில் பேசுவார் என்று கேட்பது நம் வேலை. இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறான் என்பதற்காக இங்கிலீஷிலேயே கேட்கச் சொல்லும் பெற்றோர் உண்டு. அவனுக்குக் கோபம் வந்தால் எந்த மொழியில் திட்டுகிறானோ அந்த மொழியில் கேட்கச் சொல்லுங்கள். வலிப்புக்காகச் செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் போய்க் காட்டும் குடும்பங்கள் நம்மில் உண்டு. ஸ்ரீசித்ரா போன்ற பெரிய இடங்களின் வைத்தியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பரிசோதனையில் கேள்வி மலையாளத்தில் வந்தால் பிள்ளை மொழியில் தடுக்கி விழும், அது ஞாபகக் குறைவு என்று பதிவாகலாம். தேதி வாங்கும்போதே, தமிழில் செய்பவர் இருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள்.

இனி, பையில் எடுத்துப் போகவேண்டியவை. மருத்துவச் சீட்டுகள், பிறந்தபோது கொடுத்த காகிதங்கள், ஸ்கேன், சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும். கண்ணாடி போடும் பிள்ளை கண்ணாடியோடு போகவேண்டும். காதும் கண்ணும் ஒரு தடவையாவது பரிசோதித்திருக்கவேண்டும், ஏனென்றால் காது கேளாததைக் கவனமின்மை என்று நாம் வருடக்கணக்காக அடித்துக்கொண்டிருப்போம். பள்ளி நோட்டுகளை அப்படியே எடுத்துப் போங்கள். அழகாக எழுதியதைத் தேடாதீர்கள். சிவப்பு மையும், பாதியில் நின்ற வரியும், கிழித்த பக்கமும் உள்ள நோட்டுத்தான் வேண்டும். வகுப்பாசிரியரிடம் நாலு வரி எழுதி வாங்குங்கள்.

மக்தப் உஸ்தாதிடமும் கேளுங்கள் என்று சொல்லும்போது சிலர் சிரிக்கிறார்கள். காரணம் இருக்கிறது. ஒரு பிள்ளை யாஸீனைக் காதால் கேட்டே மனப்பாடமாக ஓதிவிடுகிறது, ஆனால் குர்ஆனைத் திறந்து எழுத்தைக் காட்டினால் பே எது, தே எது, ஸே எது என்று புள்ளியில் தடுமாறுகிறது. இன்னொரு பிள்ளை எழுத்துக்கூட்டி ஓதுகிறது, நேற்றைய ஸபக் மட்டும் இன்று நிற்பதில்லை. இரண்டும் ஒன்றில்லை. முதல் பிள்ளைக்கு ஞாபகம் நன்றாக இருக்கிறது, எழுத்தில்தான் சிக்கல். இரண்டாவது பிள்ளைக்கு நேர்மாறு. ஓதல் பிள்ளைகளோடு வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கும் உஸ்தாதுகளுக்கு இது கண்ணில் படும். பிரம்பை எடுக்கும் முன் இதைக் கவனித்துச் சொல்லும்படி நம் உஸ்தாதுகளை இதன் மூலமும் கேட்டுக்கொள்கிறோம்.

உளவியலாளர் முதலில் பேசுவது தாயோடுதான். கர்ப்பத்தில் என்ன நடந்தது, பிறந்ததும் அழுததா, எப்போது நடந்தது, முதல் வார்த்தை எப்போது, முதல் வலிப்பு எப்போது என்றெல்லாம் கேட்பார்கள். அங்கே போய் யோசித்தால் வராது. முந்தின வாரமே ஒரு தாளில் எழுதுங்கள். பாட்டியைக் கேளுங்கள், அவர்களுக்குத் தேதி தெரியாது, "மூத்தவ நிக்காஹ் முடிஞ்ச மாசம்" என்று கணக்கு தெரியும். வாப்பா வெளிநாட்டில் இருந்தால் அவர் கவனித்ததைக் குரல்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது வலிப்போ, படிப்பு வராமையோ இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சம்பந்தம் பேசும் இடமில்லை அது.

போகும் நாளில் பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. முந்தின இரவு நன்றாகத் தூங்கவேண்டும். அதிகாலை மூன்று மணிக்கு எழுப்பிப் பஸ்ஸில் தூங்க வைத்துக் கூட்டிப் போன பிள்ளை, பத்து மணிக்கு என்ன சொல்லும்? தூரமாக இருந்தால் முந்தின நாளே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். வழக்கமான காலைச் சாப்பாடு கொடுங்கள். வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். மந்தமாக இருக்கும் என்று நீங்களே நிறுத்துவது ஆபத்து. இரவு வலிப்பு வந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ போன் செய்து தேதியை மாற்றிக் கேளுங்கள். ரமளானில் தேதி கொடுத்தால், முடிந்தால் பெருநாளுக்குப் பிறகு தள்ளி வாங்குங்கள். பெரியவர்களைப் பார்த்து ஆசையில் நோன்பு வைக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு. ஸஹருக்கு எழுந்த கண்ணோடு மூன்று மணி நேரச் சோதனை நியாயமில்லை. காத்திருக்கும்போது கையில் போனைக் கொடுக்காதீர்கள். கார்ட்டூன் பாதியில் பிடுங்கப்பட்ட பிள்ளை உள்ளே போய் மேசையைப் பார்க்காது. கூட ஒருவர் அல்லது இருவர் போதும். ஒரே நாளில் முடியாமல் இரண்டு மூன்று தடவை கூப்பிடலாம். பீடி சுற்றும் தாய்மார்களுக்கு ஒரு நாள் என்பது ஒரு நாள் கூலி என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கும் பஸ் செலவுக்கும் அலுவலகத்தில் சொல்லுங்கள்.

எங்கே போவது? நேரே பெரிய ஊருக்கு ஓடவேண்டியதில்லை. கீழப்பாவூர் வட்டார வள மையத்தில் பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான மருத்துவ முகாம் எப்போது என்று அவர்களிடம் கேட்டால் தெரியும். தென்காசி அரசு தலைமை மருத்துவமனையிலும், பாளையங்கோட்டையில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலும் மனநலப் பிரிவிலும் காட்டி வழி கேட்கலாம். சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சித் தாமதத்துக்கு ஆய்க்குடி அமர் சேவா சங்கம் பக்கத்திலேயே இருக்கிறது. 1981-இல் அதை ஆரம்பித்த எஸ்.ராமகிருஷ்ணன் அவர்கள் கழுத்துக்குக் கீழே அசைவிழந்த நிலையில் அதைக் கட்டியெழுப்பியவர். 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார். மதம் பார்க்காமல் நம் பிள்ளைகளும் அங்கே பயன்பெற்றிருக்கிறார்கள். தனியாரிடம் போவதானால், பரிசோதிப்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தவரா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. மன உளைச்சல் பற்றி வீட்டிலிருந்தே பேச 14416 என்ற டெலி-மானஸ் எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

பைத்தியம் என்று எழுதுவார்களா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. எழுத மாட்டார்கள். எது பலம், எது சிரமம், பள்ளியிலும் வீட்டிலும் என்ன செய்யலாம் என்று எழுதுவார்கள். அறிக்கையில் ஒரு எண் இருக்கலாம். பெற்றோர் கண் அந்த எண்ணிலேயே நின்றுவிடுகிறது. அதற்குக் கீழேயுள்ள பரிந்துரைகளைத்தான் பள்ளிக்கு எடுத்துப் போகவேண்டும். புரியும்வரை உட்கார்ந்து விளக்கம் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் உண்டு. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இரண்டுமே இல்லை. தகுதியுள்ள பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுதுபவர் போன்ற சலுகைகளுக்கு வழி உண்டு. பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடி வந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஓதிப் பார்ப்பது, தண்ணீர் ஓதிக் கொடுப்பது பற்றிச் சிலர் கேட்டார்கள். துஆவை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நோய்க்கு மருந்து தேடுவதும் மார்க்கம் சொன்னதே. ஆனால் ஜின் பிடித்திருக்கிறது என்று ஊர் ஊராக அலைந்து, மூன்று வருடம் கழித்து டாக்டரிடம் வந்த பிள்ளையின் அந்த மூன்று வருடத்தை யார் திருப்பித் தருவது?

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்கிறோம். இதுவரை எங்களிடம் சீட்டோடு வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்பிள்ளைகளின் பெற்றோர். பெண்பிள்ளைகளுக்கு இந்தச் சிரமம் வருவதில்லை என்று நாங்கள் நம்பவில்லை. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போய்விடும் என்ற பயம்தான். எங்களிடம் வரும் காகிதம் எங்களைத் தாண்டி ஜமாஅத்துக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ போகாது. பெண்கள் வந்து பேச, செவ்வாய்க்கிழமை அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் ஒரு ஆசிரியை இருப்பார்.

அந்தத் தாய் சென்ற வாரம் மறுபடி வந்தார். தேதி கிடைத்துவிட்டது. மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம். "உம்மா, கட்டை எத்தனை இருக்கும்?" பத்து இருக்கும் என்று சொல்லுங்கள் என்றோம்.